கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்: ஒரு சின்ன கேமரா சரித்திரம்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போனில் ஒரே புலம்பல். "பின்பக்க பட்டனை அமுக்கினா ஃபோகஸ் ஆகுதுங்க, ஆனா வியூஃபைண்டர்ல படம் ஆடிக்கிட்டே இருக்கு. ஆட்டம் தடுக்குற சமாச்சாரம் செத்துப்போச்சு, சர்வீஸுக்குக் குடுக்கணும்." குடுக்காதீங்க, லென்ஸ் நல்லாத்தான் இருக்குன்னேன். இந்தக் குழப்பத்துக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு.

1985ல் மினோல்டா 7000 வந்து எஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸை எல்லாருக்கும் பழக்கினது. ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினா ஃபோகஸ், முழுசா அமுக்கினா கிளிக். சௌகரியம்தான். ஆனா ஒரே விரலுக்கு ரெண்டு வேலை. ஃபோகஸ் பண்ணிட்டு விரலை எடுத்துட்டு மறுபடி அமுக்கினா, கேமரா திரும்ப முதல்ல இருந்து தேட ஆரம்பிச்சிடும். நடுவுல ஒரு அம்பயர் குறுக்கே நடந்தா முடிஞ்சுது கதை! 1989ல் கேனான், இஓஎஸ் 630ல் ஃபோகஸை மட்டும் பின்பக்க பட்டனுக்கு மாத்திக்க வழி வெச்சாங்க. நிக்கான் 1996ல் எஃப்5ல் 'ஏஎஃப்-ஆன்'னு தனி பட்டனே குடுத்தாங்க. கேனானில் அந்தப் பேரோட பட்டன் வர 2007 ஆச்சு (1டி மார்க் 3, 40டி). அதுவரைக்கும் நட்சத்திரக் குறி போட்ட பட்டன்தான் கதி.

இன்னொரு பக்கம், 1995ல் கேனானின் 75-300 ஐஎஸ் லென்ஸ். எஸ்எல்ஆருக்கு வந்த முதல் ஆட்டம் தடுக்கும் லென்ஸ் இதுதான். உள்ளே சின்ன கைரோ சென்சார்கள் கை நடுக்கத்தை அளக்கும், ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகரும். 1/250 தேவைப்படுற இடத்துல 1/60ல் எடுக்கலாம். ஆனா பேட்டரியைத் தின்னும், நாள் முழுக்க ஓடவிட முடியாது. அப்போ எப்ப எழுப்புறது? ஷட்டரைப் பாதி அமுக்கும்போது. படம் எடுக்கப் போற எல்லார் விரலும் அங்கேதான் இருக்கும்னு நினைச்சிருப்பாங்க, இது என் ஊகம்.

ரெண்டு கதையும் முட்டிக்கிட்டது 2000ல், நிக்கானின் 80-400 விஆர் வந்தப்போ. நிக்கானின் அந்தக்கால விஆர் லென்ஸ்களுக்கு ஏஎஃப்-ஆன் பட்டன் காதுலயே விழாது. கட்டைவிரல் ஃபோகஸை ஓட்டும், விஆர் தூங்கும். லென்ஸ் கையேடுகளிலேயே இதைப் போட்டிருக்காங்க (கையேடு யாருங்க படிக்கிறா?). ஆள்காட்டி விரலை ஒரே அமுக்கா அமுக்கினா, விஆர் எழுந்து நிதானிக்க நேரமே கிடைக்காது. பாதி அமுக்கி ஒரு நொடி பொறுக்கணும்.

கேனான் வேற ரூட்ல போனாங்க. பெரிய டெலி லென்ஸ்களின் முன்பக்கத்துல ஏஎஃப் ஸ்டாப் பட்டன்கள் உண்டு. 1டி மார்க் 2ல் (2004) அந்தப் பட்டனுக்கே ஐஎஸ்-ஐ எழுப்புற வேலையைக் குடுக்கலாம். அப்படிக் குடுத்தா ஷட்டரைப் பாதி அமுக்கினாலும் ஐஎஸ் அசையாது. எனக்கு இதுதான் நேர்மையான தீர்வாப் படுது, எந்த விரலுக்கு எந்த வேலைன்னு போட்டோ எடுக்கிறவரே முடிவு பண்றார். ஆனா ஆயிரக்கணக்குல காசு போட்டவங்களுக்கு மட்டும் கிடைச்ச நேர்மை.

அதே 2004ல் மினோல்டா (அப்போ கோனிகா மினோல்டா) 7டியில் சென்சாரையே ஆட்டினாங்க. அதுல வியூஃபைண்டர் படம் எப்பவுமே ஆடும், அதனால புலம்பவும் வழியில்லை :)

நண்பருக்கு ஷட்டரைப் பாதி அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். "அட, நின்னுடுச்சுங்க!" சர்வீஸ் பயணம் கேன்சல்.