வளை படிக்கத் தெரிந்தவர்கள்

தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் வீட்டு முன்னால் ஆசையாகப் புல்தரை போட்டவர்களுக்கு ஒரு பொதுத் தொல்லை உண்டு. ராத்திரி சமதளமாக இருந்த இடத்தில் விடிந்ததும் மண் குவிந்திருக்கும், புல் வேரோடு பெயர்ந்து கிடக்கும். உடனே ஆமணக்கு எண்ணெய் தெளிக்கிறார்கள், மண்ணில் அதிரும் குச்சிகளை வாங்கி நடுகிறார்கள். இவை மேல்நாட்டுப் புல்தரையைக் குடையும் 'மோல்' என்ற பிராணிக்குச் சொல்லப்பட்ட வைத்தியம். அது மண்புழுவும் பூச்சியும் தின்று வாழ்வது. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான் உண்டு. நம் தோட்டத்தைத் தோண்டுவது பெருச்சாளி; இல்லாவிட்டால் அதைவிடச் சிறிய வரப்பெலி. பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாண்டிகூட்' என்ற பெயரே தெலுங்கின் 'பந்திகொக்கு' என்ற சொல்லிலிருந்து போனது. இந்தப் பிராணியை நஞ்சில்லாமல் அடக்கும் அறிவு இந்த வட்டாரத்திலேயே இருந்தது, எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடி மக்களிடம். ஏரிப்பாசன நிலம் மனையாக மாறியபோது பெருச்சாளி நம்மோடு தங்கிவிட்டது. அதைப் படித்து வைத்திருந்தவர்களைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி என்று இன்று நடைபாதையும் வேலியுமாக நிற்கிற நீர்நிலைகள் ஒவ்வொன்றின் கீழும் நெல் விளைந்த ஆயக்கட்டு இருந்தது. 1928-ல் காசநோய் மருத்துவமனை இங்கே வந்ததற்குக் காரணம் ஊரின் திறந்தவெளிக் காற்று. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அப்போதும் தண்டவாளத்தின் இருபுறமும் வயலும் புதர்க்காடும்தான். நெல் இருந்த இடத்தில் எலி இருந்தது, எலி இருந்த இடத்தில் சாரைப்பாம்பும் கூகையும் இருந்தன, அவற்றோடு இருளரும் இருந்தார்கள். பிறகு வரப்பு போய் மதில் சுவர் வந்தது. நெல்லுக்குப் பதில் தெருமுனைக் குப்பை, வரப்புக்குப் பதில் மழைநீர் வடிகால். பெருச்சாளிக்கு இரண்டும் போதும். சாரையை நல்லபாம்பு என்று நினைத்து அடித்துக் கொன்றோம். கூகை அலறினால் அபசகுனம் என்று விரட்டினோம்.

இருளர் எலி பிடித்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரப்பெலி உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அடைத்த மண் ஈரமாக, உதிரியாக இருந்தால் குடியிருப்பு உண்டு. காய்ந்து இறுகியிருந்தால் கைவிட்ட வளை. முதலில் சுற்றிவந்து தப்பிக்கும் துவாரங்களைத் தேடி ஒவ்வொன்றாக மண் வைத்து மூடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்து, நெருப்பு வைத்து, சட்டியின் வாயை வளை வாசலோடு பொருத்தி, ஓட்டை வழியே ஊதுவார்கள். எங்காவது புகை கசிந்தால் அதையும் அடைப்பார்கள். பிறகு கடப்பாரையால் தோண்டினால் மூச்சுத் திணறிய எலிகள் கையில் கிடைக்கும், அறையில் எலி சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். அந்த நெல் இருளர் வீட்டுக் கஞ்சிக்கு. வயல்காரருக்கு விளைச்சல் மிஞ்சியது, எலி இறைச்சி உணவானது, மண்ணில் ஒரு துளி நஞ்சும் சேரவில்லை. காவிரிப் படுகையில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி செய்த வேலையை இங்கே இந்தச் சட்டி செய்தது.

இதைப் பழங்கால ஞானம் என்று மிகைப்படுத்துகிறோமா என்று கேட்கலாம். இந்த அறிவு சோதிக்கப்பட்டிருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் 1970-களில் சட்டத்தால் நின்று இருளர் பிழைப்பு முடங்கியபோது, 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்புகளிடம் நஞ்சு எடுத்து, பிறகு அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அந்த நஞ்சிலிருந்து தயாராகிறது. 2017-ல் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, பழக்கமே இல்லாத சதுப்புநிலத்தில் முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க வழிகாட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிக்கிற அதே கண்தான் எலி வளையையும் படித்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வறுமையில் கிடந்தவர்கள் பசிக்காகச் செய்த வேலையை நம் புல்தரைக்காக மீட்கச் சொல்வது நியாயமா? புகையை வாயால் ஊதி ஊதி அவர்களுக்குக் கையில் சூடும் நெஞ்சில் நோயும் மிஞ்சியது உண்மை. அதனால்தான் கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவியை உருவாக்கும் திட்டம் ஒன்று 2003-ல் உலக வங்கியின் போட்டியில் பரிசு வாங்கியது. வேலையின் துன்பத்தை நீக்க வழி இருக்கிறது என்பதை அது காட்டியது. அறிவுக்கு உரிய கூலி தர முடியும் என்பதைக் கூட்டுறவுச் சங்கம் காட்டிவிட்டது. தொழிலே ஒழியட்டும் என்பவர்கள், அதன்பின் அந்தக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் அரிசி ஆலைக்கும் போய் முன்பணத்துக்கு அடிமைப்பட்டதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட் வடிகாலுக்குள் ஒளிந்த பெருச்சாளியைச் சட்டியும் கடப்பாரையும் எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே குப்பையை மூடி வைப்பதும், வடிகாலின் உடைந்த மூடியை மாற்றுவதும், மதிலடி ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைப்பதும்தான் வழி. ஆனால் இருளர் விட்டுப்போன இடத்தை இன்று நிரப்புவது கடையில் வாங்கும் எலி மருந்துப் பாக்கெட். ரத்தம் உறையவிடாத எலி மருந்தைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் அந்த நஞ்சுக்கு ஆளாகிறது. மிச்சமிருந்த காவலும் போய்விடுகிறது. 2024 நவம்பரில், தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வீட்டுத் தோட்டமோ இன்னும் மண்தான். அங்கே வளையைப் பார்த்து, உயிருள்ளதா காய்ந்ததா என்று சொல்லி, வாசல்களை அடைத்துப் பிடிக்க முடியும். அதைத் தெரிந்தவர்கள் செங்கல்பட்டிலும் திருப்போரூர்ப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். அழைப்பதானால், பிடித்த எலிக்கு இவ்வளவு என்று எண்ணாமல், வந்து பார்த்த நாளுக்கு முழுக் கூலி பேசி அழைக்க வேண்டும்.