சத்திய தருமச்சாலை, வடலூர்

கடலூர் மாவட்டம் வடலூரில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று தொடங்கிய அன்னதானச் சாலை. சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல், பசியோடு வந்தவருக்குச் சோறிடுவதே இதன் விதி. சுற்றுவட்டார மக்கள் மனமுவந்து எழுதிக்கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில்தான் இது எழுந்தது. ஒரு துறவியின் கனவுக்கு ஊரே இடம் கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

சாலையின் உயிர் அதன் அடுப்பு. ஏறத்தாழ 21 அடி நீளம் கொண்ட இந்தக் கோட்டை அடுப்பில் வள்ளலார் மூட்டிய தீ இன்றுவரை அணைந்ததில்லை என்பர். சமையல் முடிந்த இரவிலும் விறகு தள்ளிக் கனலைக் காக்கிறார்கள். ‘அணையா அடுப்பு’ என்ற பெயர் அப்படி வந்தது. அண்டாவில் சோறு வெந்து வடிக்கப்பட, பக்கத்திலேயே சாம்பார் கொதிக்கும். பந்தியில் முதியவரும் வழிப்போக்கரும் தோளுரச அமர்ந்து உண்பார்கள்.

தருமச்சாலை அன்பர்கள் தரும் அரிசி, காய்கறி, விறகு, நன்கொடை ஆகியவற்றால் நடக்கிறது. தைப்பூசத்தில் வடலூரிலேயே உள்ள வள்ளலாரின் வழிபாட்டிடமான சத்திய ஞான சபையின் சோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் திரளும்போது, ஊர் ஊராக அன்பர்கள் வந்து பந்தலிட்டுத் தாங்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள்.

புலால் இங்கே கிடையாது.