காவிரிப் படுகையின் நெல் அரவைத் தொழில்: உலக்கை முதல் செயற்கை நுண்ணறிவு வரை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சில வட்டாரங்களிலும் விளையும் நெல்லை அவித்து, உலர்த்தி, உமி நீக்கி, தீட்டி, தரம் பிரித்து அரிசியாக்கும் தொழில் காவிரிப் படுகையின் மிகப் பழைய உற்பத்தித் தொழில்களுள் ஒன்றாகும். தரவுகளும் செயற்கை நுண்ணறிவும் உற்பத்தித் தொழில்களை எவ்வாறு மாற்றக்கூடும் என்று ஆராய்வோர், 2011-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் நான்காம் தொழிற்புரட்சி என்ற கருத்து முன்வைக்கப்பட்ட நாள்தொட்டு, மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கின்றனர். எனினும், ஒரே அச்சில் வார்த்த திருகாணிகளைக் கையாளும் தொழிலைக் காட்டிலும், ஒரு வயலின் நெல் அடுத்த வயலின் நெல்லை ஒத்திராத, காலையில் வந்த மூட்டையின் ஈரம் மாலையில் வந்த மூட்டையின் ஈரத்தினின்று வேறுபடும் இத்தொழிலிலேயே, பொருளின் நிலையறிந்து அதற்கேற்ப யந்திரத்தை நடத்தும் அறிவுக்கு வேலை மிகுதி. அவ்வறிவு யாரிடம் இருந்தது, எக்காலத்தில் எவருக்குக் கைமாறியது என்பதே இத்தொழிலின் சரித்திரம் எனலாம்.

நெல்லை உரலிலிட்டு உலக்கையால் குத்திப் புடைப்பதே பன்னூறாண்டுகளாக வழக்கிலிருந்த முறை. அக்காலத்திலும் கணக்கு இல்லாமற்போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கோயிலுக்குரிய நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கூறுகின்றன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதமும் சோழர் சாசனங்களில் காணப்படுகிறது. அது கொள்ளளவுக் கணக்கு. இன்று அரசாங்கம் வைத்துள்ள கணக்கு எடையைப் பொறுத்தது: 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியானால் 68 கிலோ, பச்சரிசியானால் 67 கிலோ. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது என்றாலும், கொடுத்த நெல்லுக்குத் திரும்பிவர வேண்டிய அரிசி எவ்வளவு என்ற விசாரம் மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக ஓயவில்லை.

இப்பிரதேசத்து மக்கள் உண்பது பெரும்பாலும் புழுங்கலரிசியாதலின், அரவைக்கு முந்திய அவித்தலே இத்தொழிலின் நுட்பமான பகுதியாயிற்று. ஊறிய நெல்லை ஆவியில் அவிக்கும்போது மணியின் மாச்சத்து இளகி உள்ளிருந்த வெடிப்புகளை அடைத்துக்கொள்வதாலும், தவிட்டிலுள்ள பி உயிர்ச்சத்து ஓரளவு உள்ளே இறங்கிவிடுவதாலும், அவ்வரிசி அரைக்கும்போது அதிகம் உடைவதில்லை. தீட்டிய பின்னும் முற்றிலும் சத்திழப்பதில்லை. ஆனால் எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எப்போது ஆவியை நிறுத்தவேண்டும், எவ்வளவு உலரவேண்டும் என்பவற்றைத் தெரிவிக்கும் கருவி எதுவும் அந்நாளில் கிடையாது. அவியும் நெல்லில் உமி லேசாக வாய் பிளப்பதைக் கண்டு ஆவியை நிறுத்துவார்கள். களத்தில் பரப்பிய நெல்லைப் பெண்கள் காலால் துழாவி வரிவரியாகப் புரட்டிக்கொண்டே வந்து, இடையிடையே நாலு மணியை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடிப்பார்கள். அழுந்தினால் இன்னும் வெயில் வேண்டும்; நறுக்கென்று தெறித்தால் கூட்டிக் குவிக்கவேண்டும்; பதம் தப்பி அதிகம் காய்ந்துவிட்டால் அத்தனையும் ஆலையில் நொய்யாகப் போகும். ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறையும் கட்டத்தில் இடையில் ஆறவிடாது ஒரே மூச்சில் காயவைத்தால் மணியில் வெடிப்பு விழுகிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் பிற்காலத்தில் பரிசோதித்துக் கூறிய உண்மையை, எண் அறியாமலே அப்பெண்கள் நடைமுறையில் அனுசரித்து வந்தனர். நெல்லைப் பாதி காய்ந்ததும் குவித்து மூடி, ஆறவிட்டு மறுபடி பரப்புவது அவர்களுடைய வழக்கமாயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் நாட்டில் தோன்றி எங்கல்பர்க் என்பவரின் பெயரால் வழங்கும் ஹல்லர் யந்திரம், இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டுப் பாசனம் நிலைபெற்றதும், பின்னர் மின்சாரம் ஊருக்கு ஊர் வந்ததும் இப்பரவலுக்குத் துணைசெய்தன. உலக்கையை ஹல்லர் விரட்டியடித்தது என்று வருந்தியவர்கள் அக்காலத்தில் பலர். அவர்கள் வருத்தம் முற்றிலும் பிழையன்று, ஏனெனில் உமியையும் தவிட்டையும் பிரிக்காமல் ஒன்றாகக் கலந்து தள்ளி, அரிசியையும் கணிசமாக உடைத்துவிடும் அந்த யந்திரம் வேகத்தைத் தந்ததேயன்றி நிதானத்தைத் தரவில்லை. 1958-ஆம் ஆண்டின் அரிசி அரவைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கைக்குத்தலைப் பாதுகாக்கும் எண்ணமும் ஒரு காரணம்.

1960-களே இத்தொழிலின் திருப்புமுனை. தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய நெல்லொன்றையும் நம் நாட்டு நெல்லொன்றையும் கலந்து உண்டாக்கிய ஆடுதுறை 27, அப்பத்தாண்டின் நடுவில் குறுவைப் பட்டத்தில் வெகு வேகமாகப் பரவியது. மகசூல் பெருகியது, அதனுடன் ஒரு சங்கடமும் பெருகியது. குறுவை அறுப்பு நடக்கும் காலத்தில் மழையும் வந்து சேர்வதாலும், அந்நெல்லுக்கு உறக்கப் பருவம் இல்லாமையாலும், களத்தில் நனைந்த நெல் கொதித்து, முளைவிட்டு, நாறத் தொடங்கிற்று. வெயிலை நம்பியிருந்த உலர்த்தும் முறை வெயிலில்லாத காலத்துப் பெருவிளைச்சலுக்கு ஈடுகொடுக்கவில்லை. இவ்விபத்தே ஆராய்ச்சிக்குப் பிறப்பிடமாயிற்று. 1967-இல் திருவாரூரிலிருந்த தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சோதனைச்சாலை தொடங்கப்பெற்றது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்த வி. சுப்பிரமணியன் அதனை வளர்த்தவர்களில் முதன்மையானவர். ஈர நெல்லில் உப்பையும் உமிப்பொடியையும் கலந்து கெடாமல் காப்பது போன்ற, ஏழை உழவனும் கைக்கொள்ளத்தக்க உபாயங்களை அச்சோதனைச்சாலை ஆராய்ந்தது. பின்னர் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்திருப்பது அதுவே.

இதே காலத்தில் ஜப்பானிலிருந்தும் மேற்கு ஜெர்மனியிலிருந்தும் தருவிக்கப்பட்ட நவீன ஆலைகள், எதிரெதிர்த் திசையில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளின் நடுவே நெல்லைச் செலுத்தி உமியை மட்டும் உரிக்கும் முறையை நமக்குக் காட்டின. மைசூர் நிலையம் 1950-களில் வகுத்த வெந்நீர் ஊறல் முறை, இரண்டு மூன்று நாள் தொட்டியில் கிடந்து முடைநாற்றமெடுத்த நெல்லுக்குச் சில மணி நேரத்தில் விமோசனம் அளித்தது. இவற்றின் மெய்யான விசேஷம் வேகத்தில் இல்லை; இத்தனை பாகை வெப்பம், இத்தனை மணி நேரம், இத்தனை விழுக்காடு ஈரம் என்று பதத்தை எண்ணாக எழுதத் தொடங்கியதில் இருந்தது. பல்லும் மூக்கும் அறிந்திருந்ததை முதன்முறையாகத் தாள் அறிந்தது.

எண் ஒருமுறை பிறந்துவிட்டால் அதைச் சுற்றி வழக்குகளும் பிறக்கும். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்த பின், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை வாங்குவதில்லை என்பது பொது விதியாயிற்று. மழை மிகுந்த ஆண்டுகளில் மாநிலம் வேண்டிக்கொள்ள, மத்திய அரசு அவ்வரம்பைத் தளர்த்துவதும் வழக்கமாயிற்று. தார்ப்பாயால் மூடிய குவியலருகே இரவெல்லாம் காத்துக்கிடக்கும் உழவருக்கு, உள்ளங்கையில் அடங்கும் அந்த ஈரமானியின் முள்ளே அவ்வாண்டின் தலையெழுத்து. குவியலின் மேற்புறத்து மணிக்கும் அடியிலுள்ள மணிக்கும் ஈரம் வேறாயிருக்க, எங்கே கைவிட்டு எடுத்த பிடியை அளப்பது என்பதைப் பற்றி எழும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு, அளவைக் கருவி வந்ததனால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பது விளங்கும்.

ஆலைக்குள் செயற்கை நுண்ணறிவு முதலில் நுழைந்த வாசல் கலர் சார்ட்டர் எனப்படும் நிறம் பிரிக்கும் யந்திரம். சரிவான தகடுகளில் வழுக்கி விழும் அரிசியை இருபுறமுமுள்ள கேமராக்கள் ஒவ்வொரு மணியாகப் பார்க்க, கறுத்ததோ பழுத்ததோ கல்லோ தென்பட்டால், அம்மணி கீழே விழுவதற்குள் ஒரு மெல்லிய காற்றுத் தாரை அதை ஒதுக்கிவிடுகிறது. பிரிட்டனில் பிறந்து பின்னர் சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனத்தின் வசமான சார்டெக்ஸ் என்னும் வணிகப்பெயர், நம் கடைத்தெருவில் அவ்வாறு சுத்தம்செய்த அரிசிக்கே பொதுப்பெயராகிவிட்டது. பொதுவிநியோக அரிசியில் கருப்பு மணி கலந்திருப்பதாகப் புகார்கள் எழுந்ததை ஒட்டி, வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்துத் தரும் அரவை முகவர்களின் ஆலைகளிலும் இவ்யந்திரத்தைப் பொருத்தவேண்டுமென்று அரசாங்கம் அண்மையாண்டுகளில் வற்புறுத்தியது. பழைய யந்திரங்களில் எது குற்றம், எது குற்றமன்று என்ற எல்லையை ஆலைக்காரர் கையால் திருத்தி அமைத்தார். புதியவை ஆயிரக்கணக்கான மணிகளின் படங்களைப் பார்த்துத் தாமே அவ்வெல்லையைக் கற்றுக்கொள்கின்றன.

இங்கேதான் ஆராயவேண்டிய சங்கதி இருக்கிறது. கற்கும் யந்திரம் எந்த அரிசியைப் பார்த்துக் கற்றது? அரிசி வகைகளை அடையாளங்காணும் ஆராய்ச்சியில் உலகெங்கும் பெரிதும் கையாளப்படும் ஒரு படத்தொகுதி, துருக்கியில் விளையும் ஐந்து வகைகளின் 75,000 படங்களைக் கொண்டது. அதில் பாஸ்மதி உண்டு, பொன்னி இல்லை. அவித்ததனால் மஞ்சள் சாயல் கொண்ட புழுங்கலை, பச்சரிசியின் வெண்மையே இலக்கணமென்று பயின்ற யந்திரம் பழுதென்று எண்ண இடமுண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2018-இல் காலமாகும் வரை காத்துவந்தவற்றுள் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அடங்கும்; முன்னதின் சிவப்பும் பின்னதின் கருமையும் வெள்ளரிசி ஆலையின் கண்ணுக்குக் குற்றங்களே. டெல்டாவின் நெல் வகைகளை, பட்டம் பட்டமாக, நனைந்ததும் காய்ந்ததுமாக, அவித்ததும் அவிக்காததுமாகப் படம்பிடித்துத் தொகுக்கும் வேலையைத் தஞ்சை நிறுவனமும் ஆடுதுறை நிலையமும் கைகோத்துச் செய்வதே, விலையுயர்ந்த யந்திரம் எதையும் வாங்குவதினும் முந்திச் செய்யத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

நிறம் பிரித்தல் கடைசிக் கட்டம். அங்கே வந்துசேரும் நொய்யையும் பழுப்பையும் முதற்கட்டத்திலேயே தடுப்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. உலர்த்தியின் ஒவ்வொரு தட்டிலும் ஈரமறியும் உணர்கருவியை வைத்து, வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, எப்போது சூட்டைக் குறைத்து நெல்லை ஆறவிடுவது என்பதை யந்திரமே தீர்மானிக்கலாம். ரப்பர் உருளை தேயத் தேய உடையும் மணிகளின் பெருக்கத்தைக் கேமரா கண்டு, உருளைகளின் இடைவெளியை முன்கூட்டியே திருத்தலாம். தாங்கிகளின் அதிர்வு மாறுவதிலிருந்து பழுதை அறிந்து, அறுப்புக் காலத்து நெருக்கடியில் ஆலை நின்றுபோகாமல் காக்கலாம். இவையெல்லாம் உலகின் பெரிய ஆலைகளில் நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பவையே. ஆனால் உமியெரித்துப் பாய்லரை ஓட்டும் நம் நடுத்தர ஆலைக்காரர், ஆண்டில் சில மாதங்களே முழுவீச்சில் ஓடும் யந்திரத்துக்கு அம்முதலீடு கட்டுமா என்று கேட்பதும் நியாயமே.

2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட இப்பிரதேசத்தில் எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற புதுத் தொழில்களுக்கு இடமில்லையாதலால், விளைபொருளைப் பதனிடும் தொழிலே இங்கு மேலும் விருத்தியடையக்கூடியது. திருச்சி முதல் நாகப்பட்டினம் வரை வேளாண் தொழில் பெருந்தடம் அமைக்கப்படும் என்று மாநில வேளாண் நிதிநிலை அறிக்கை கூறியதும் இக்கருத்தை ஒட்டியதே. அவ்விருத்தியில் உழைப்போரின் நிலையையும் எண்ணவேண்டும். யந்திர உலர்த்திகள் பரவியபோது களத்துப் பெண்களின் வேலை ஓசையின்றிச் சுருங்கிற்று. அடுத்த மாற்றத்தில் சுருங்கப்போவது, மணியைக் கையிலேந்திப் பார்த்தே உருளையைத் திருப்பும் அனுபவசாலி மிஷின்காரரின் வேலையாகவும் இருக்கலாம். அவர் அறிந்ததை யந்திரத்துக்குக் கற்பிக்க அவரையே ஆசானாக அமர்த்தி அதற்கு ஊதியமும் தரும் ஏற்பாடு வேண்டும்.

மற்றொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. வாணிபக் கழகத்திடமிருந்து நெல்லைப் பெறும் அரவை முகவர், நெல் எவ்வகையாயினும், 68 விழுக்காடு புழுங்கலரிசியைத் திருப்பித் தருகிறார். ஒவ்வொரு லாரிச் சுமையின் வகை, ஈரம், உடைவு, கிடைத்த அரிசி ஆகிய அனைத்தையும் யந்திரமே பதிவுசெய்யும் நாளில், எந்த வகை எந்தப் பட்டத்தில் மெய்யாகவே எவ்வளவு கண்டுமுதல் தருகிறது என்பது முதன்முறையாக வெளிப்படையாகும். கூடுதலாகக் கிடைத்த அரிசியை அரசாங்கம் கேட்கக்கூடும். குறைந்த கண்டுமுதலைக் காட்டி முகவர் விதிவிலக்குக் கோரக்கூடும். நல்ல நெல்லுக்கு நல்ல விலை வேண்டுமென்று உழவர் வாதாடவும் அது ஆதாரமாகக்கூடும். ஆயினும், 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரைப் பற்றிய தரவுகளுக்கே உரியதாதலின், நெல்லைப் பற்றிய இத்தரவுகள் ஆலைக்கு உரியனவா, யந்திரம் விற்ற நிறுவனத்துக்கா, அரசாங்கத்துக்கா, விளைவித்தவருக்கா என்பதற்கு அச்சட்டத்தில் விடை இல்லை. அது யந்திர விற்பனை ஒப்பந்தங்களிலும் அரவை ஒப்பந்தங்களிலும் எழுதப்படவேண்டியதாகவே இருந்துவருகிறது.