செக்ரோலில் இல்லாத தகப்பன்: மலையகத் தோட்டங்களில் பிள்ளைத் தாபரிப்பும் வருமானக் கணக்கும்

1889ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டநிரூபண சபை இரண்டு கட்டளைச் சட்டங்களை இயற்றியது. 13ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றியது. தோட்டப் பதிவேட்டில் பேர் ஏறி, அரிசியோ காசோ முன்பணமாக வாங்கியவர், மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்துக்குள் வந்தவராகவே கொள்ளப்படுவார் என்றது அது. 19ஆம் இலக்கச் சட்டம் தாபரிப்புக்கானது. போதிய வசதி இருந்தும் மனைவியையோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையையோ கைவிடும் ஆண் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என நீதவான் உத்தரவிடலாம் என்றது.

ஒன்றுக்காக ஒன்று எழுதப்பட்ட சட்டங்கள் அல்ல இவை. ஆனாலும் மலையகத்தில் பிள்ளைத் தாபரிப்பின் வரலாறு, இவ்விரண்டும் சந்தித்த இடத்திலும் சந்திக்கத் தவறிய இடத்திலும்தான் நடந்திருக்கிறது. செக்ரோல் எனப்படும் தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை தகப்பனின் வருமானம் சதக்கணக்கில் தெரியும். பேர் நீங்கிவிட்டால் அவர் எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்புக்குச் சாட்சி இல்லை. பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையைத் தகப்பனின் வருமானம் தீர்மானிப்பதைவிட, அந்த வருமானம் எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்பதே அதிகம் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது என் வாதம்.

1889க்கு முன்னர் இந்த விஷயம் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்துக்குள் கிடந்தது. மனைவி பிள்ளைகளைத் தவிக்கவிட்டுப் போவது அங்கே ஒரு குற்றம். தண்டனை உண்டு, பிள்ளைக்கு மாதப் பணம் என்ற எண்ணம் இல்லை. அந்த எண்ணத்தைக் கொண்டுவந்த புதிய சட்டம் 'போதிய வசதி' என்ற சொல்லை மையத்தில் வைத்தது. வசதி என்றால் கையில் உள்ள காசும் சொத்தும் மட்டுமல்ல, உழைத்துச் சம்பாதிக்கும் உடல்வலுவும் அதில் அடங்கும் என்று பின்னர் நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. நியாயமான விளக்கம். ஆனால் தோட்டத்தில் உடல்வலுவுக்கு என்ன விலை என்பதை நிர்ணயித்தது கங்காணியும் துரையும்.

1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அடுத்து, 1929இல் மலைநாட்டு உயர்பகுதித் தோட்டங்களுக்கு நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என்று வரையறுக்கப்பட்டது. மாதம் 26 பேர் விழுந்தாலும் ஆண் ஒருவருக்கு 14 ரூபாய் 4 சதம்தான். 'பேர்' என்பது இங்கே ஒரு நாள் வேலை. மழையில் பாதியில் இறங்கினால் அரைப்பேர். இந்தத் தொகையும் முழுதாகக் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைத் தோட்டம் மாற்றும் 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, கங்காணிக்குப் பட்ட கடன் தொழிலாளியோடு தோட்டம் தோட்டமாக நடந்தது. ஏட்டில் எழுதிய சம்பளத்துக்கும் மடியில் முடிந்த காசுக்கும் இடையே கடன், அரிசிக் கணக்கு, முன்பணம் எல்லாம் நின்றன.

பெண்ணின் நிலை இன்னும் மோசம். கொழுந்து பறித்தவர் அவர். சம்பள நாளில் வரிசையில் நின்று அதை வாங்கியவர் புருஷன் அல்லது அப்பன். இந்த வழக்கம் சம்பளக் கணக்கு முறைகள் மாறிய பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. தாபரிப்புக் கேட்கும் தாய், தன் சொந்தக் கூலியையே தகப்பன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவருக்கு வருமானம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வருமானத்தை அளக்கும் பேச்சில் இந்த அநீதியை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

திருமணப் பதிவு அடுத்த முள். லயத்தில் தாலி கட்டி, சோறு போட்டு, ஊரறியக் குடும்பம் நடத்தியவர்களில் பலரிடம் பதிவுச் சான்று இல்லை. சடங்கை நிரூபித்தால் வழக்காற்றுத் திருமணம் செல்லும். நிரூபிக்க முடியாவிட்டால் பிள்ளை 'முறைதவறிப் பிறந்த பிள்ளை' ஆகிவிடும். அப்போது 1889ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கதவுகளைச் சாத்தியது. தாயின் சாட்சியத்தை மட்டும் நம்பி உத்தரவிட முடியாது. வேறு சான்று அதற்குத் துணை நிற்க வேண்டும். மனுவையும் பிள்ளை பிறந்த 12 மாதத்துக்குள் போட வேண்டும். அந்தக் காலத்துக்குள் தகப்பன் பிள்ளைக்காகப் பணம் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. தீவை விட்டுப் போயிருந்தால், திரும்பிவந்த 12 மாதத்துக்குள் போடலாம்.

இந்தக் கடைசி விலக்கைத் துரைமாரோடு வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஆக அதிகமாகச் சம்பாதித்த ஆண் வெள்ளைத் துரை. சீமைக்குப் போய்த் திரும்பாத துரைக்கு எதிராக இந்தப் பிரிவு என்ன செய்யும்? 1920களில் ஆர்தர் ஸ்டீபன் பெயின்டர் என்ற மிஷனரி நுவரெலியாவில் நடத்திய இல்லம், துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. தகப்பனின் வருமானம் உயர உயரப் பிள்ளைக்கு வந்துசேரும் பங்கு அருகிப் போனதற்கு அந்த இல்லமே சாட்சி.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அழுதுகொண்டே ஏறியவர்களைச் சுமந்த ரயிலுக்குச் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, இன்னொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறிக்கும் தகப்பன், தலவாக்கலையில் விட்டுப்போன பிள்ளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தின் எண்களில் இடமில்லை.

திருப்பம் இரண்டு படிகளில் வந்தது. 1984இல், தோட்டத் தொழிலாளரின் ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் விளைவாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆனது. 1999இல் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கியது. 'தகப்பன்' போய், 'பெற்றோர்' வந்தார். தாய்க்கும் கடமை உண்டு. பெற்றவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவை, சூழ்நிலையையும் பார்த்துத் தொகையை நீதவான் தீர்மானிப்பார். 12 மாதக் கெடு போயிற்று; தாயின் சாட்சியத்துக்குத் துணைச்சான்று வேண்டும் என்ற விதிக்குப் பதிலாக, நம்பத்தகுந்த சான்று போதும் என்றானது. கட்டத் தவறினால் சிறை உண்டு. சம்பளத்தில் கழிக்கும்படி தொழில்கொடுப்பவருக்கும் உத்தரவிடலாம்.

இந்தக் கடைசி வழியால் மலையகத்தில் யார் பிடிபடுகிறார்? 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 31,050. அதன்பின் சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி அட்வான்ஸ். வருமானம் என்றால் மொத்தமா, கைக்கு வருவதா என்று வழக்கில் இழுபறி நடக்கலாம். ஆனாலும் அளக்க ஓர் ஏடு இருக்கிறது. அதே மனிதர் கொழும்பில் புறக்கோட்டைக் கடையிலோ கட்டட வேலையிலோ நாட்கூலிக்கு நின்றால், அதைவிட இரட்டிப்பாகச் சம்பாதித்தாலும், நீதவான் முன் வைக்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தோட்டத்திலேயே நின்ற ஏழைத் தகப்பனின் சம்பளத்தில் கை வைக்கும் சட்டம், வெளியேறியவரிடம் முகவரி தேடி நிற்கிறது. சட்டம் 'வருமானம்' என்று எழுதியபோது மாதச் சம்பளக்காரரையே மனதில் கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

பிரிட்டன் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிள்ளைத் தாபரிப்பை நீதிமன்றத்திலிருந்து எடுத்து, ஒரு சூத்திரத்திடம் ஒப்படைத்தது. இப்போது பிரிந்திருக்கும் பெற்றோரின் வருமானத்தை வரித் திணைக்களமே சொல்கிறது. தினக்கூலிக்காரர் வரி ஏட்டில் ஏறாத நாட்டில் அது பொருந்தாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் எடுத்த வழி நமக்கு அருகானது: இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் செலவையும் சத்தியக்கடதாசியில் எழுதித் தர வேண்டும். மறைப்பதன் பாரம் மறைத்தவர் மேலேயே விழுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கடதாசி தமிழிலும் இருக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழும் நிர்வாக மொழி என 1999இலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம்.

இதற்கிடையே, இல்லாத பெற்றோர் என்பவரே மாறிவிட்டார். மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் அம்மாயிகளிடம் வளர்கிறார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தாயிடமும் தாபரிப்புக் கேட்கலாம். அவர் அனுப்பும் பணத்துக்கோ வங்கிச் சீட்டு உண்டு. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயின் பயணமே தடுக்கப்பட்டது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. புறப்படும் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கையை எவரும் கேட்டதில்லை.

செக்ரோலும் இன்று தேய்கிறது. பல கம்பனிகள் தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்தின் எடைக்குக் காசு கொடுக்கும் முறைக்குப் போகின்றன. அங்கே நாட்சம்பளமும் இல்லை, பேரும் இல்லை. ஒரு மலையில் நான்கு பேர் பறித்த கொழுந்து ஒருவர் பேரில் நிறுக்கப்படுகிறது. அந்தக் குடும்பம் பிரியும்போது, அந்த எடையில் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று கேட்கும் முதல் மனு எந்த நீதவானின் மேசைக்காவது வந்தே தீரும்.