இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டங்களின் வரலாறு

கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்யும் பெண் பேறுகாலத்தில் வேலையையும் வருமானத்தையும் இழக்காமலிருக்க இயற்றப்பட்டவை மகப்பேறு நலச் சட்டங்கள். இந்தியாவில் இவற்றின் வரலாறு பம்பாய் மாகாணத்தின் 1929ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்குகிறது. தாய்க்கு ஓய்வு தேவை என்பதை நேரடியாக மறுத்தவர்கள் அன்றும் குறைவு. அந்த ஓய்வுக் காலத்தின் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் தொடக்கம் முதலே தகராறாக இருந்தது.

பின்னணி

பம்பாய்ப் பஞ்சாலைகளில் 1920களில் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். நூல் சிட்டமிடும் பகுதியிலும் நூல் சுற்றும் பகுதியிலும் அவர்கள் மிகுதியாக இருந்தனர். பிரசவத்துக்குச் சில நாட்கள் முன்புவரை வேலைக்கு வருவதும், பெற்ற சில வாரங்களில் திரும்பி வருவதும் வழக்கம். வராத நாளுக்குக் கூலி கிடையாது. பலர் பிரசவத்துக்குச் சொந்த ஊர் போனார்கள். திரும்பி வரும்போது பழைய இடம் இருக்கும் என்ற உறுதி இல்லை.

கைக்குழந்தையை வைத்திருந்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. விடியற்காலையில் ஆலைக்குப் போகும் தாய் மாலைவரை குழந்தையைப் பார்க்க முடியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் சிறிதளவு அபின் கலந்த உருண்டையைக் குழந்தைக்குக் கொடுத்து உறங்க வைத்துவிட்டுப் போனார்கள். பம்பாய் அரசு நியமித்த பெண் மருத்துவர் பார்ன்ஸ் 1922இல் அளித்த அறிக்கை, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் இப்பழக்கம் பரவலாக இருந்ததைப் பதிவு செய்தது. தாய்மாரின் அறியாமை என்று இதைப் பேசியவர்கள் உண்டு. ஆனால் ஆலையின் வேலை நேரத்தையும் அங்கே தொட்டில் கட்ட ஓர் இடம் இல்லாததையும் சேர்த்துப் பார்த்தால், அறியாமை என்ற சொல் பொருந்தவில்லை.

வாஷிங்டனும் டெல்லியும்

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் விடுப்பு. வேலை நேரத்தில் பாலூட்ட நாளுக்கு இருமுறை அரைமணி இடைவேளை. உதவித்தொகை பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்று அது சொன்னது. முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டும் என்று சொல்லவில்லை. இந்தியா இதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

அம்மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகப் பங்கேற்ற என். எம். ஜோஷி, 1924இல் மத்திய சட்டசபையில் ஒரு மகப்பேறு நல மசோதாவைக் கொண்டுவந்தார். 1925இல் அது தோற்கடிக்கப்பட்டது. அதன்பின் முயற்சி மாகாணங்களுக்கு நகர்ந்தது.

பம்பாய்ச் சட்டம்

பம்பாய் சட்டமன்றத்தில் ஆர். எஸ். அசவலே கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து 1928 ஜூலையில் அம்பேத்கர் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்தில் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை என்பது அவர் நிலைப்பாடு. அப்படி அரசு ஏற்காத நிலையில், பெண்களை அமர்த்துவதால் ஆதாயம் பெறும் முதலாளியும் பொறுப்பிலிருந்து முழுவதும் விலக முடியாது என்றார். அவர் சொன்ன இரண்டு பகுதிகளில் இரண்டாவது மட்டுமே சட்டமாயிற்று.

1929ஆம் ஆண்டுச் சட்டம் பிரசவத்துக்கு முன் 3 வாரமும் பின் 4 வாரமும், நாளுக்கு 8 அணா வீதம் தொகை வழங்கியது. முழுச் செலவும் ஆலை உரிமையாளருடையது. 1930இல் மத்திய மாகாணம் இதைப் பின்பற்றியது. 1931இல் வெளியான அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை நாடு முழுவதற்கும் இத்தகைய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணச் சட்டம் 1934இல் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1941இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகளில் பம்பாய் ஆலைகளில் பெண்களின் பங்கு தொடர்ந்து சரிந்தது. இதற்கு மகப்பேறு சட்டத்தை மட்டும் காரணம் காட்டுவது மிகை. பெண்களை இரவு வேலையில் அமர்த்தத் தடை இருந்ததால் இரண்டாம் ஷிப்டு வந்தபோது ஆண்களே சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் செய்துவந்த வேலைகளில் புதிய இயந்திரங்களும் புகுந்தன. ஆனாலும் ஆளெடுக்கும்போது மணமான இளம்பெண் ஒரு செலவுக் கணக்காகப் பார்க்கப்பட்டதற்குச் சட்டத்தின் இந்த அமைப்பே வழிவிட்டது.

விடுதலைக்குப் பின்

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் வேறு வழியைக் காட்டியது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தா நிதியிலிருந்து மகப்பேறு தொகை கிடைத்தது. எத்தனை பெண்கள் பிரசவ விடுப்பில் போனாலும் தனியொரு ஆலையின் செலவு கூடாது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. அதே 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் மிகுதியாக உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கின.

இ.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்காக 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பளத்தை உறுதிசெய்தது. விடுப்பிலிருக்கும்போது பணிநீக்கம் செய்வதையும் தடுத்தது. செலவு மறுபடியும் முதலாளி தலையில் விழுந்தது. விளைவு, ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு இதற்குச் சான்று. 12 வாரத்துக்கு நிர்வாகம் 72 நாள் கூலியைக் கணக்கிட்டது. ஞாயிறுகள் கூலியில்லா விடுமுறை என்பது அதன் வாதம். வாரம் என்றால் ஏழு நாள், 84 நாளுக்கும் தரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதாவது வழக்கு 12 ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. உச்ச நீதிமன்றம்வரை போய், 1977இல் தொழிலாளிக்குச் சார்பாக முடிந்தது. இத்தொகை தாயும் பிள்ளையும் உயிர்வாழ மட்டுமல்ல, அவள் இழந்த வலிமையைத் திரும்பப் பெறவும்தான் என்று நீதிமன்றம் விளக்கியது.

மாதச் சம்பள வேலைகளிலும் தடைகள் இருந்தன. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் கருத்தரிப்பிலேயே வேலையை இழக்கும் விதி 1981இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

26 வாரம்

2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையும் வந்தன. செலவுப் பொறுப்பு மாறவில்லை. நிறுவனங்கள் பெண்களை எடுக்கத் தயங்குவதாகப் புகார் எழுந்தபின், 2018 நவம்பரில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் குறைந்த ஊதியப் பிரிவினருக்கு 7 வாரச் சம்பளத்தை அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தரும் திட்டம் பரிசீலனையில் உள்ளதாக அறிவித்தது. 1929இல் பம்பாய் முதலாளிகள் தரவேண்டியிருந்ததும் இதே 7 வாரம்தான்.

வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு இச்சட்டங்கள் பெரும்பாலும் எட்டவில்லை. முதலாளி இன்னார் என்று காட்ட முடியாத இடத்தில் யாரிடம் கேட்பது? இவர்களைப் போன்ற ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அரசே பணம் தருகிறது. இத்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு.