பாம்பு வேரும் மூளையின் கல்லாவும்

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரக் காடுகளில் ஒரு சிறு செடி வளர்கிறது. இங்கே அமல்பொரி என்கிறார்கள். புத்தகப் பெயர் சர்ப்பகந்தா. காமர்ஸ் படித்துவிட்டு ஊர்விட்டு ஊர் வந்த வங்கிக்காரனுக்கு மூலிகையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதன் வேரில் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பித்தம் தலைக்கேறியவர்களை அடக்க நம் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்த வேர் இது. 1931-ல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் இது உதவுவதை எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வந்தது. 1952-ல் சுவிஸ் கம்பெனி சீபா, வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. 1954-ல் நியூயார்க்கின் நேதன் க்ளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை வெளியிட்டார்.

எப்படி வேலை செய்கிறது? நரம்பு செல்கள் டோபமைன், செரடோனின் போன்றவற்றைச் சிறு பைகளில் சேமிக்கின்றன. எங்கள் பாஷையில் பெட்டகம். ரிசர்பைன் அதற்குள் எதையும் வைக்க விடாது; வெளியே கிடப்பது சிதைந்துவிடும். கல்லா காலி! ஆவேசம் அடங்கும். சிலருக்குச் சோர்வும், பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பும் வரும். (அதனால் யாரும் வேரைத் தேடி அரைத்துக் குடிக்க வேண்டாம்!)

ஸ்வீடனின் அர்வித் கார்ல்சன், ரிசர்பைனால் அசையாமல் கிடந்த விலங்குகளை எல்-டோபா கொடுத்து எழுப்பினார். ஆண்டு 1957. பார்க்கின்சன் சிகிச்சைக்கு அங்கேதான் வழி திறந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வக்கீலுக்கு 1957-ல் லாஸ்கர் விருது.

முதலில் வேரைக் கொடுத்த, பெயர் தெரியாத வைத்தியர்களுக்கு? வட்டி வேண்டாம், அசலையாவது ஒப்புக்கொள்ளலாமே.