கார் ஓடாத ஞாயிறும் எழுபது வீதச் சட்டமும்

1973 நவம்பர் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று டென்மார்க்கின் தெருக்களில் தனியார் கார்கள் ஓட அரசாங்கம் தடை போட்டிருந்தது. அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் குறைத்திருந்த நேரம் அது. இந்த நாடோ தன் சக்தித் தேவையில் சுமார் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. வெறிச்சோடிய பெருந்தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓடும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடை எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வந்தது. காலநிலை மாற்றம் அப்போது அரசியல் பேச்சாகவில்லை. அடுத்த ஆண்டுகளில் எண்ணெய்க்குப் பதிலாக நிலக்கரியை அள்ளி எரித்தார்கள் என்பதிலிருந்தே அது தெரியும்.

ஆனால் அதே பயத்திலிருந்து இன்னொன்றும் பிறந்தது. அணுமின் நிலையம் வேண்டாம் என்று மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1985 மார்ச்சில் பாராளுமன்றம் அணுசக்தியைத் தன் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1979இல், காற்றாலை வாங்குபவர்களுக்கு விலையில் 30 வீதத்தை அரசே கொடுக்கத் தொடங்கியிருந்தது.

இந்தக் கதையின் ஒரு முக்கியமான துண்டு நமக்குப் பக்கத்தில் நடந்தது. பிராண்டே என்றால் நம்மில் பலருக்கு அம்மன் கோயில்தான் ஞாபகம் வரும். அங்கே டான்ரைன் என்ற நிறுவனம் வயல்களுக்கு நீர் தெளிக்கும் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தது. நடு யூலண்டின் மணல் நிலத்துக்கு அவை தேவைப்பட்டன. 1980இல் அது காற்றாலை செய்ய இறங்கியது. பின்னர் போனஸ் என்று பெயர் மாறியது. 1991இல் விண்டபியில், உலகிலேயே முதல்முறையாகக் கடலில் ஒரு காற்றாலைப் பண்ணை எழுந்தபோது, அங்கே நின்ற 11 காற்றாலைகளும் பிராண்டேயில் செய்தவை. 2004இல் சீமென்ஸ் அதை வாங்கியது. நீர் தெளிப்பான் செய்தவர்களின் கைத்திறமை மட்டும் இதற்குப் போதாது. அரசின் அந்த 30 வீதமும் வேண்டியிருந்தது என்பது என் எண்ணம்.

முதல் காலநிலைச் சட்டம் 2014இல் வந்தது. காலநிலைக்கென ஓர் ஆலோசனைச் சபையை அது அமைத்தது. ஆனால் எந்த ஆண்டுக்குள் எத்தனை வீதம் குறைக்க வேண்டும் என்ற எண் அதில் இல்லை. எண் இல்லாத சட்டம் விருப்பம் போன்றதுதான். எகிப்தில் யோசேப்பு, பஞ்சம் வருமுன்பே, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்காகச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

2019 தொடக்கத்தில் மக்கள் மனு ஒன்று உண்மையான காலநிலைச் சட்டத்தைக் கேட்டது. பாராளுமன்றத்துக்குப் போகத் தேவையான 50,000 கையெழுத்துகள் விரைவில் சேர்ந்துவிட்டன. ஜூன் 5ஆம் திகதி நடந்த தேர்தலைக் காலநிலைத் தேர்தல் என்றே பலர் அழைத்தார்கள். 2020 ஜூன் 18இல் சட்டம் நிறைவேறியது: 1990ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2030க்குள் 70 வீதம் குறைவு, 2050க்குள் நிகர வெளியேற்றம் பூச்சியம். ஆலோசனைச் சபை ஆண்டுதோறும் அரசை மதிப்பிட வேண்டும். 2022இலும் 2023இலும் அது, இலக்கை எட்டும் வழியை அரசு காட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. எண்பதுகளில் நம் மக்கள் டென்மார்க்குக்கு வரத் தொடங்கியபோது இக்காஸ்ட் பின்னலாடை நகரமாக இருந்தது. பிறகு தையல் வேலையின் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போய்விட்டது. அந்த 70 வீதம் இந்த நாட்டுக்குள் வெளியேறும் புகையைத்தான் எண்ணுகிறது. வேறு நாட்டு ஆலையில் தைத்து இங்கே வந்து விற்பனையாகும் சட்டையின் புகை அந்த நாட்டின் கணக்கில்தான் விழும். இதைச் சட்டம் முழுதாக மறக்கவில்லை. டென்மார்க் உலகில் ஏற்படுத்தும் பாதிப்பைப் பற்றி அரசு ஆண்டுதோறும் தனி அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கையில் நாம் வாங்கும் பொருள்களின் புகையும் வருகிறது. ஆனால் 70 வீதம் போல ஒரு கட்டாய எண் அதற்கு இன்னும் இல்லை.